காதோரக் கிளி

லொரேன் பாஸ்கோமுக்குச் செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. கழுவிக் கவிழ்த்த கோப்பைகளையே எடுத்து மறுபடி கழுவினாள். தபால்காரர் பதினொரு மணிக்கு முன்னால் எட்டிப் பார்க்க மாட்டார் என்று தெரிந்தும் சரிவுக்குக் கீழே இருக்கும் வாசல் பெட்டி வரைக்கும் மூன்று தடவை போய் வந்தாள். எழுபத்தெட்டு வயதில் அந்தச் சரிவில் இப்படி ஏறி இறங்கினால் முழங்கால் சும்மா இருக்குமா? அதுவும் தன் பங்குக்கு முனக ஆரம்பித்தது.

எல்லாம் ஒரு மின்னஞ்சலால் வந்த வினை. ஹோபார்ட் துறைமுகத்தை ஒட்டிய ஓவியக் கூடத்தில் கண்காட்சிகளை அமைக்கிற பிரைனி என்ற பெண் அனுப்பியிருந்தாள். மெர்வ் ட்ரெலோரின் ஐம்பது வருஷத்துப் படங்களை ஒன்றாக மாட்டப்போகிறார்களாம். வியாழக்கிழமை மாலை திறப்பு விழா. ‘மறைந்த உங்கள் கணவர் ஆலிஸ்டர் இடம்பெற்ற படமும் வருகிறது. வரைந்த கையோடு விற்றுப்போய் மெல்போர்னில் ஒரு வீட்டில் முப்பத்தாறு வருஷம் கிடந்த படம். இப்போதுதான் முதல்முறையாக எல்லோரும் பார்க்கப்போகிறார்கள். நீங்கள் சிறப்பு விருந்தினராக வர வேண்டும்.’

கூடவே படத்தின் புகைப்படமும் இருந்தது.

அப்படி ஒரு படம் இருப்பதாக அவள் கேள்விப்பட்டிருந்தாள். பார்த்ததில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையில் பெரிதாக்கினாள். ஓவியக் கூடம் ஒன்றில் பத்திரிகைக்காரர்களின் கூட்டம். புகைப்படக்காரர் இறைச்சி உருண்டைத் தட்டைக் குறிவைத்துப் படமெடுக்கிறார். வானொலிப் பெண் ஒலிவாங்கியைத் தன் வாய்க்கே நீட்டிக்கொண்டிருக்கிறாள். ஒரு நிருபர் சுவரில் இருக்கும் தீயணைப்புக் கருவியின் வாசகத்தைப் பயபக்தியோடு குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார். ஓவியங்களை ஏறிட்டுப் பார்க்க அங்கே ஓர் ஆள் இல்லை. நட்டநடுவில் ஆலிஸ்டர். அதே கழுத்துத் துணி, அதே நீண்ட தாடை. முகத்தை ஒரு பக்கம் திருப்பி, ஓவியத்தை நேராகப் பார்க்கக்கூட அருகதையில்லை என்பது மாதிரி ஓரக்கண்ணால் பார்க்கிறார். அவர் தோளில் இளஞ்சிவப்பு நெஞ்சும் சாம்பல் முதுகுமாக ஒரு கலாக் கிளி. ஊரில் யாராவது உளறிக்கொட்டினால் அந்தக் கிளியின் பெயரைச் சொல்லித்தான் திட்டுவார்கள். அதன் அலகு ஆலிஸ்டரின் காதுக்குள் பாதிவரை போயிருந்தது. கிளிக்குப் பச்சைச் சட்டம் போட்ட மூக்குக்கண்ணாடி. கழுத்தில் ஆரஞ்சு மணிமாலை.

அந்தக் கண்ணாடியும் மாலையும் லொரேனுடையவை.

விஷயம் இதுதான். ஊர் நாளிதழில் இருபத்திரண்டு வருஷம் ஓவிய விமர்சனம் எழுதிய ஆலிஸ்டர் பாஸ்கோமுக்குக் கடைசிப் பத்து வருஷங்கள் ஓவியம் தெரியவில்லை. 1983இல் ஒருநாள் காலை, செய்தித்தாளின் நடுவில் யாரோ கட்டைவிரலால் தேய்த்துவிட்டது மாதிரி இருக்கிறது என்றார். மருத்துவர் பார்த்துவிட்டு, விழியின் நடுப்பகுதி அழிந்துகொண்டு வருகிறது, ஓரம் மட்டும்தான் மிஞ்சும், வைத்தியம் இல்லை என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் ஆலிஸ்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“லோரி, இது வெளியே தெரிஞ்சா மறுநாளே என் இடத்துல வேற ஒருத்தனை உக்கார வச்சிருவாங்க. யாருகிட்டயும் மூச்சு விடாதே. க்வெண்டாகிட்டயும்.”

க்வெண்டா அவர்களுடைய ஒரே மகள். அப்போது பன்னிரண்டு வயது.

அன்றிலிருந்து எந்தத் திறப்பு விழாவுக்கும் அவர்கள் கைகோத்துக்கொண்டுதான் போனார்கள். பார்க்கிறவர்களுக்கு அன்யோன்யமான தம்பதி. அவள் அவர் காதில் சொல்லிக்கொண்டே வருவாள்: இடது மூலையில் ஒரு படகு, நீலம் மட்டமான நீலம், பொம்பளையோட கை சரியா வரலை. அவர் கேள்வி கேட்பார். வீட்டுக்கு வந்து விசைகளைத் தடவித் தட்டச்சு செய்வார். முதல் இரண்டு வருஷம் கண் அவளுடையது, சொல் அவருடையது. அப்புறம் எப்போது சொல்லும் அவளுடையதாயிற்று என்று இருவருக்குமே தெரியவில்லை. பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள் அவள். ஹோபார்ட் இருக்கும் அந்தத் தீவின் பாதி ஓவியர்கள் அவள் சொன்ன வாக்கியங்களுக்குப் பயந்துகொண்டிருந்தார்கள். யாருக்கும் தெரியாது.

அவர் போய் முப்பது வருஷமாகியும் அந்த வாக்கை அவள் காப்பாற்றிவிட்டாள். இப்போது ஒரு கிளி அதைக் கூட்டத்தில் போட்டு உடைக்கப்போகிறது.

புதன்கிழமை காலை பேருந்து ஏறிவிட்டாள். ‘இறந்தவரைக் கேலி செய்வது நாகரிகமில்லை, அந்தப் படத்தை மாட்டாதீர்கள்’ என்று சொல்வதாக ஏற்பாடு. வழியெல்லாம் அதையே வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டு, காற்றில் தலைமுடி பறக்கத் திரும்பி நடந்தாள்.

கூடத்தில் வெள்ளைக் கையுறை மாட்டிய இரண்டு ஆட்கள் படங்களைத் தூக்கி மாட்டிக்கொண்டிருந்தார்கள். பிரைனி ஓடி வந்தாள். முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும்.

“மிசஸ் பாஸ்கோம்! நாளைக்குத்தானே விழா, இன்னிக்கே வந்துட்டீங்களா? வாங்க வாங்க. இதோ பாருங்க, நேர்ல இன்னும் எவ்வளவு பெருசு!”

இரண்டு கதவுகளின் அகலம் இருந்தது.

“இந்தக் கிளி யாருன்னு எங்களுக்குப் பிடிபடவே இல்லை,” என்றாள் பிரைனி. “மெர்வைக் கேட்டா, ‘பறவைன்னா பறவைதான், போ’ங்கறார். உங்களுக்கு ஏதாவது தெரியுமா?”

தயார் செய்து வைத்திருந்த வாக்கியத்தை அவள் சொல்லவில்லை. “அவர் இங்கேயா இருக்கார்?” என்றாள்.

“பின்னாடி இருக்கார். விளக்குப் போடறவங்களோட சண்டை. கூட்டிட்டு வரேன், இருங்க.”

காத்திருந்த நேரத்தில், கேலிப் படங்களைப் பார்க்கப் பிடிக்காமல் எதிர்ச் சுவருக்குத் திரும்பினாள். அங்கே ஒரு மலை மாட்டியிருந்தது.

ஊருக்குப் பின்னால் நிற்கிற மலைதான். 1987 என்று அடியில் எழுதியிருந்தது. அந்தக் கண்காட்சி அவளுக்கு நினைவிருந்தது. மெர்வ் அப்போது பெரிய பெரிய மலைகளாக வரைந்துகொண்டிருந்த காலம். ‘ட்ரெலோரின் மலைகள் தபால் அட்டை மலைகள். வியர்க்காமல் ஏறலாம், நினைவில்லாமல் இறங்கலாம்.’ இந்த வாக்கியத்தைக் கார் ஓட்டிக்கொண்டே அவள்தான் சொன்னாள். ஆலிஸ்டர் தொடையைத் தட்டிச் சிரித்தார். அப்படியே அச்சிலும் வந்தது. ஒரு படம்கூட விற்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டார்கள்.

இப்போது அதன் முன்னால் நின்றாள். பனி என்று நினைத்தது பனியில்லை. மலைக்கு முன்னால் இறங்கிவருகிற மழை. மழைக்குள் மலை இருக்கிறதா, இல்லை நமக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா என்று சொல்ல முடியவில்லை. பக்கத்தில் போனாள், தள்ளி வந்தாள், மறுபடி போனாள். ஒரு இடத்தில் பாறையின் பழுப்புக்கடியில் ஊதா ஓடியது. இந்த ஊரில் எழுபத்தெட்டு வருஷம் அந்த மலையைப் பார்த்தவளுக்கு, மழைக்குக் கால் மணி நேரம் முன்னால் அது அந்த நிறம்தான் என்று தெரியும்.

“பாஸ்கோம் பொண்டாட்டியா? இன்னும் உசுரோடவா இருக்கீங்க?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

மெர்வ் ட்ரெலோர். எண்பது வயது. ஊன்றுகோல், கம்பளித் தொப்பி, நுனியில் வண்ணம் அப்பிய தாடி.

“நீங்களே இருக்கும்போது நான் இருக்கக் கூடாதா?” என்றாள் லொரேன்.

“இருங்க, இருங்க. கேஸ் போடப் போறீங்களா? தாராளமாப் போடுங்க. பேப்பர்ல வரும், நல்லாக் கூட்டம் கூடும்.”

“அந்தப் பார்வையை எங்கே பிடிச்சீங்க? ஓரக்கண் பார்வையை?”

“எங்கேயா? என் கண்காட்சியிலதான்! இதோ இந்த மலை முன்னாடிதான் நின்னான் உங்க புருஷன். சந்தையில நோஞ்சான் ஆட்டைப் பார்க்கற மாதிரி பார்த்தான். நேரா ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பார்த்திருந்தா நான் மனசு ஆறியிருப்பேன். அந்தத் திமிரைத்தான் வரைஞ்சேன். பக்கத்துல நீங்க நொய்நொய்னு ஊதிக்கிட்டே இருந்தீங்க, அதையும் வரைஞ்சேன்.”

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. கையுறை ஆட்கள் தள்ளிப் போகட்டும் என்று காத்திருந்தாள்.

“அவர் நேராப் பார்த்தா ஒண்ணும் தெரியாது, மெர்வ்.”

“என்னது?”

“கண்ணுக்கு நடுவுல செத்துப்போச்சு. ஓரம்தான் பாக்கி. உங்க மலையில எதையாவது பார்க்க முடியுமான்னு அந்த ஓரத்தால தேடிக்கிட்டிருந்தார். திமிரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.”

மெர்வ் சிரிக்க வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். “விளையாடாதே.”

“நான் ஊதலைன்னா அவருக்குச் சுவர் எது, படம் எதுன்னே தெரியாது.”

“அப்போ... தபால் அட்டை?”

“அது நான் சொன்னது.”

மெர்வ் ஒரு மரப்பெட்டியைத் தேடிப்பிடித்து உட்கார்ந்தார். “முப்பத்தேழு வருஷம்,” என்றார். “பல் தேய்க்கும்போது, செருப்பு மாட்டும்போது, எப்போ பாரு அந்த ஆளைத்தான் திட்டியிருக்கேன். செத்தப்ப சந்தோஷமா ஒரு புட்டி வேற திறந்தேன். ஆள் மாறிப்போச்சா?”

“இன்னொண்ணும் இருக்கு.” அவளுக்கு நிற்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. பையின் வாரைத் திருகிக்கொண்டே சொன்னாள். “அன்னிக்கு நான் இந்த மலையைப் பார்க்கவே இல்லை. க்வெண்டாவை நீச்சல் குளத்திலேர்ந்து கூட்டிட்டு வர நேரமாயிருச்சு. அவளை மழையில நிக்க வைக்க முடியுமா? விறுவிறுன்னு ஒரு சுத்து சுத்திட்டு வந்துட்டோம். ஒரு படத்துக்கு அரை நிமிஷம்கூட நிக்கலை. இப்போதான் பார்த்தேன்.”

“பார்த்து?”

“நல்லா இருக்கு.”

“நல்லா இருக்கா!” ஊன்றுகோல் தரையில் விழுந்து உருண்டது. கையுறை ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். “இதை இப்போ வந்து சொல்றியா? அதுக்கப்புறம் நான் மலையே வரையலை, தெரியுமா உனக்கு? ஒண்ணே ஒண்ணுகூட! பன்னி மூஞ்சி, கழுதை மூஞ்சின்னு பத்திரிகைக்காரனுங்களை வரைஞ்சேன். எல்லாரும் சிரிச்சானுங்க, வாங்கினானுங்க, நானும் வரைஞ்சுக்கிட்டே போனேன். நல்லா இருக்காம்!”

“கத்தாதே. நானும் கிழவிதான், எனக்கும் படபடப்பு வரும்.”

“வரட்டும்!”

அவர் எழுந்து, கோலில்லாமலேயே தள்ளாடி அந்தப் பெரிய படத்தின் பக்கம் போனார். “ஏய், இதைக் கழட்டுங்க! பொய்ப் படம். குருடனைப் பார்த்துத் திமிர்னு வரைஞ்சிருக்கேன். கழட்டுங்கறேன்ல!”

பிரைனி அலறியடித்துக்கொண்டு வந்தாள். “மெர்வ், நாளைக்கு விழா! அழைப்பிதழ்லயே இந்தப் படம்தான் இருக்கு!”

கழற்றச் சொல்ல வந்தவள் லொரேன். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு. “இருக்கட்டும். அவரைத்தான் தப்பா வரைஞ்சிருக்கே. கிளியைச் சரியாத்தான் வரைஞ்சிருக்கே.”

பிரைனி இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். ஒன்றும் புரியவில்லை. படம் சுவரிலேயே இருந்தது. மெர்வ் விடைபெறாமல் வெளியே போய்விட்டார்.

வியாழக்கிழமை மாலை நீலச் சட்டையைப் போட்டாள், கழற்றினாள், சாம்பல் நிறத்தைப் போட்டாள். போக வேண்டாம் என்று தேநீர் போட உட்கார்ந்தாள். தண்ணீர் கொதிப்பதற்குள் அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

கூட்டம் தோளோடு தோள் இடித்தது. கறி மசாலா போட்ட சிப்பிப் பணியாரங்கள் தட்டுத்தட்டாகச் சுற்றின. பத்திரிகைக்காரர்கள் எல்லோரும் பெரிய படத்தின் முன்னால்தான். எதிர்ச் சுவரின் மலைக்கு எல்லோருடைய முதுகும் தெரிந்தது.

“பாரு, இந்த ஆளோட தெனாவெட்டைப் பாரு!” என்று ஒருவர் சொன்னார். குபீரென்று சிரிப்பு. ஒரு புகைப்படக்காரருக்கு யோசனை பிறந்துவிட்டது. ஏழெட்டுப் பேரைப் படத்தின் முன்னால் வரிசையாக நிறுத்தினார்.

“எல்லாரும் அதே மாதிரி பாருங்க! மூஞ்சியைத் திருப்பு, கண்ணை மட்டும் இங்கே கொண்டா! இன்னும், இன்னும் திமிரா!”

ஏழெட்டு முகங்கள் ஒரே நேரத்தில் ஆலிஸ்டர் மாதிரி திரும்பின. காலை உணவின்போது மேசைக்கு எதிரிலிருந்து அவள் முகத்தைக் கண்டுபிடிக்க அவர் திருப்புகிற மாதிரியே. அந்தத் திருப்பலில் அவர் கடைசியாகப் பார்த்த அவளுடைய முகத்துக்கு எத்தனை வயது என்று அவளுக்கே தெரியாது. அவளால் தாங்க முடியவில்லை.

“நிறுத்துங்க,” என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. வகுப்பறைக் குரலை எடுத்தாள். “நிறுத்துங்கன்னு சொன்னேன்!”

கூடம் அடங்கியது.

“அது தெனாவெட்டு இல்லை. அவருக்குக் கண் தெரியாது. பத்து வருஷம் தெரியாமத்தான் எழுதினார். நான் பார்த்துச் சொன்னேன், அவர் எழுதினார். அந்தக் கிளி நான்தான்.”

யாரோ ஒருவர் பணியாரத்தை மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் ஒரேயடியாக ஒலிவாங்கிகளும் கைபேசிகளும் அவள் முகத்துக்கு நேரே வந்தன. அந்த இடைவெளிகளில் மெர்வ் தெரிந்தார். தூண் பக்கத்தில் தொப்பியைக் கையில் கழற்றி வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

வெள்ளிக்கிழமை அது முதல் பக்கத்தில் வந்தது. சனிக்கிழமை க்வெண்டா லான்செஸ்டனிலிருந்து கூப்பிட்டாள்.

“அம்மா, அப்பாவுக்குக் கண்ணு தெரியாதா? எனக்குக் கார் ஓட்டச் சொல்லிக்குடுத்ததே அவர்தானே!”

“அதான் நான் பின் சீட்டுல வந்தேன். நான் அவர் தோளைத் தட்டுவேன், அவர் உன்கிட்ட ‘பிரேக்’னுவார்.”

“நான் செத்திருப்பேன்,” என்றாள் க்வெண்டா. அப்புறம், “இத்தனை வருஷம் என்கிட்டகூட...” என்று ஆரம்பித்து அழுதாள். லொரேனும் அழுதாள். முழுதாகச் சமாதானமாகாமலேயே தொலைபேசியை வைத்தார்கள்.

கடிதங்கள் வந்தன. ஏமாற்றுக்காரி என்று இரண்டு பேர். ‘1985இல் என் மண்பாண்டங்களைப் பிணவறைச் சாமான் என்று சொன்னது நீயா?’ என்று டெவன்போர்ட்டிலிருந்து ஒரு குயவர். ‘ஆமாம், அதை நின்று பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்’ என்று அவருக்குப் பதில் போட்டாள். நாளிதழின் ஆசிரியர் நேரிலேயே வந்து, ட்ரெலோர் கண்காட்சியைப் பற்றி அவள் பெயரில் ஒரு விமர்சனம் தர முடியுமா என்று கேட்டார். மூன்று தடவை முடியாது என்று சொல்லிவிட்டு, அவர் தோட்டக் கதவைத் தாண்டுவதற்குள் கூப்பிட்டு முடியும் என்றாள்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் மடக்கு நாற்காலியோடு கூடத்துக்குப் போனாள். எல்லாப் படங்களின் முன்னாலும் உட்கார்ந்தாள். எழுதினாள், அடித்தாள், அஞ்சலில் சேர்க்கப் போய்த் திரும்பி வந்து மறுபடி அடித்தாள். அந்தச் சனிக்கிழமை விமர்சனம் அச்சில் வந்தது. 1987இல் இந்தப் பத்தியில் மலைகளைப் பற்றி வந்தது தவறு, எழுதியவர்கள் பார்க்கவில்லை, பார்த்த பிறகு எழுதுகிறேன் என்று தொடங்கி, மலைக்கு மட்டும் பாதி இடம் கொடுத்திருந்தாள். மீதிப் பாதியில் கேலிப் படங்கள். பல படங்கள் கூர்மை, நாலு படங்கள் சோம்பேறித்தனம் என்று எழுதியிருந்தாள்.

அன்று காலை ஏழரைக்குத் தொலைபேசி அடித்தது. முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

“எந்த நாலு?” என்றார் மெர்வ். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“பன்னி மூஞ்சி நாலும்.”

“பன்னிக்கு என்ன குறைச்சல்?”

“நீ பன்னியைப் பார்த்து வரையலை. பன்னின்னா எல்லாரும் சிரிப்பாங்கன்னு வரைஞ்சிருக்கே. நாலும் ஒரே பன்னி.”

எதிர்முனையில் செய்தித்தாள் புரளும் சத்தம் கேட்டது.

“உன்னை மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதே,” என்றார்.

“நினைக்கலை.”

“ரெண்டாவது பன்னி வேற. அதுக்குக் காது வேற மாதிரி. திங்கக்கிழமை வா, நின்னு காட்டறேன்.”

“காது வேற மாதிரி இல்லை, மெர்வ்.”

“வந்து பார்த்துட்டுச் சொல்லு!” என்று கத்திவிட்டு வைத்தார்.

லொரேன் நாட்காட்டியில் திங்கட்கிழமையைத் தேடி, பேனா எழுதாமல் போக, வேறு பேனா தேட ஆரம்பித்தாள்.